வாச்சாத்திப் பெண்கள் தலைகுனியவில்லை

2011 செப்டம்பர் 29. தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் வாச்சாத்தி வழக்கின் தீர்ப்பு நாள். குற்றம் சாட்டப்பட்டிருந்தவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள். வனத்துறையில் 155 பேர், காவல்துறையில் 108 பேர், வருவாய்த்துறையில் 6 பேர். வழக்கு இழுத்துக்கொண்டே போனதில் 54 பேர் தீர்ப்பைக் கேட்காமலே இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பளித்தார். ஒருவர்கூட விடுதலையாகவில்லை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. அவர்களில் 12 பேருக்கு 10 ஆண்டுகளும் 5 பேருக்கு 7 ஆண்டுகளும் சிறை.

ஒரே வழக்கில் இத்தனை அரசு ஊழியர்கள் ஒட்டுமொத்தமாகத் தண்டிக்கப்பட்டதற்கு இந்தியாவில் ஈடு சொல்ல இன்னொரு வழக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இதைச் சாதித்தவர்கள் சித்தேரி மலையடிவாரத்தில் காட்டையும் மேட்டு நிலத்தையும் நம்பிப் பிழைத்த 18 பழங்குடிப் பெண்கள். அவர்களோடு நின்றது அவர்களுடைய ஊர்.

பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துவோம் என்று ஆண்டுதோறும் மேடை போடுகிறோம். மேடையில் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வகுப்பு நடக்கிறது. நேரத்தோடு வீடு திரும்புங்கள், செல்போனில் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளுங்கள் என்கிறோம். எதுவும் தப்பில்லை. ஆனால் நடந்த கொடுமையை ஒரு பெண் வாய் திறந்து சொல்லும்போது கேட்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. அப்பா அம்மாவுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை, ஊர்ப் பெரியவருக்கு இல்லை, காவல் நிலையத்தில் எழுத்தருக்கும் இல்லை. வாச்சாத்தியின் கதையை மறுபடி சொல்ல வேண்டியிருப்பது இதற்காகத்தான். அங்கே கேட்டவர்கள் கேட்டார்கள். அதனால்தான் வழக்கு பிழைத்தது.

அந்தச் சனிக்கிழமை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் இருக்கிறது வாச்சாத்தி. ஊரில் பெரும்பான்மையோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. கொல்லிமலை, கல்வராயன்மலை, சித்தேரி, சேர்வராயன் என்று கிழக்கு மலைத்தொடர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். மலை மேலே சந்தனமரம். வெட்டிக் கடத்திக் காசு பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். மரம் வெட்டிச் சுமந்த கூலிதான் மலையடிவாரத்து ஜனங்களுக்கு. பழி மட்டும் முழுசாக அவர்கள் தலையில் விழுந்தது.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறையினருக்கும் ஊர்க்காரர்களுக்கும் காலையில் தகராறு. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் படை வந்து இறங்கியது. ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அடிக்கு அஞ்சி ஓடியவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பெண்களையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வீடு வீடாகப் புகுந்து இழுத்துவந்தார்கள். ஊர் ஆலமரத்தடியில் கூட்டி உட்காரவைத்து அடித்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து இளம்பெண்கள் 18 பேரைப் பிரித்து, மறைத்துவைத்த கட்டையைக் காட்டுங்கள் என்று ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 13 வயதுச் சிறுமியும் இருந்தாள்.

அதோடு விடவில்லை. எல்லோரையும் அரூர் வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் வைத்திருந்தார்கள். ஊர்க் கவுண்டரையும் பிடித்து வந்திருந்தார்கள். அவரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அந்தப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். ஊருக்கு மூத்தவரை ஊர்ப் பெண்கள் கையாலேயே அடிக்கவைத்தால் அந்த ஊர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பது கணக்கு. பெண்ணுடல் மீதான வன்முறை எதற்காகச் செய்யப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அங்கே நடந்தது ஒரு ஊரை அடக்கும் வேலை. அதற்கு அந்தப் பெண்களின் உடம்பைக் கருவியாக்கிக்கொண்டார்கள். வீட்டுக்குள் மனைவியை அடிப்பவன் செய்வதும் இதே வேலைதான், அளவுதான் சிறிது.

பிறகு மொத்தம் 133 பேர் மீது வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். பெண்கள் 90 பேர், குழந்தைகள் 28 பேர், ஆண்கள் 15 பேர். வன்கொடுமைக்கு ஆளான பெண்களே கைதிகள் ஆனார்கள். வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்று மிரட்டி அனுப்பப்பட்டிருந்ததால் அவர்கள் உடனே வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய இடமும் அதே சீருடைக்காரர்களிடம்தானே இருந்தது!

இவர்கள் சிறையில் இருக்க, ஊரில் சூறையாடல் தொடர்ந்தது. வீடுகள் இடிக்கப்பட்டன. தானியம் மண்ணில் கொட்டப்பட்டது. பாத்திரம் பண்டங்கள் நொறுக்கப்பட்டன. ஆடு கோழிகள் அடித்துத் தின்னப்பட்டன. குடிக்கிற கிணற்றில் டீசலை ஊற்றிவைத்தார்கள். தண்ணீர் இருந்தால் திரும்பி வந்துவிடுவார்கள் அல்லவா.

யார் முதலில் கேட்டார்கள்

அரூர் ஒன்றும் தொலைதூரத் தீவு இல்லை. பஸ் போகிற ஊர். இருந்தும் வாச்சாத்திச் செய்தி வெளியே வரச் சில வாரங்கள் ஆயின. ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் சித்தேரிப் பக்கம் போனபோதுதான் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று அவர்கள் காதில் விழுந்தது. சங்கத் தலைவர்கள் வாச்சாத்திக்குப் போனார்கள். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. மலையில் பதுங்கியிருந்தவர்களிடமும் சிறையிலிருந்தவர்களிடமும் விசாரித்துத்தான் நடந்ததைக் கோத்தார்கள். அப்போது சங்கத்தில் இருந்த பெ. சண்முகம் இன்று மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர். அன்று கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் விவகாரத்தை அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனார்.

அதிகாரிகள் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. பாலியல் வன்கொடுமை நடக்கவே இல்லை என்றார்கள். வீடுகள்? ஊர்க்காரர்களே இடித்துக்கொண்டார்கள் என்றார்கள். சொந்த வீட்டைத் தாங்களே இடித்து, சொந்தக் கிணற்றில் தாங்களே டீசல் ஊற்றிக்கொள்ளும் ஜனங்கள் உலகத்தில் எங்காவது உண்டா? ஆனாலும் அதை ஒரு விளக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பெண் அதிகாரியைச் சொல்லியாக வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி நேரில் வந்தார். ஊரைப் பார்த்தார். பெண்களிடம் பேசினார். கொடுமை நடந்திருப்பதை 1992 ஆகஸ்ட்டிலேயே அறிக்கையாகப் பதிவுசெய்தார். அரசுத் தரப்பு மொத்தமும் இல்லை என்று அடித்துச் சொன்ன நேரத்தில், ஆமாம், இந்தப் பெண்கள் சொல்வதை நம்ப முகாந்திரம் இருக்கிறது என்று ஓர் அரசு அதிகாரி எழுதிய காகிதம் அது. வழக்கு பின்னால் எழுந்து நின்றதற்கு அந்தக் காகிதம் பெரும் ஊன்றுகோல். ஓர் அதிகாரி நேர்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

1995 பிப்ரவரி 24 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. சி.பி.ஐ. நான்கு இந்திய வனப் பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரிகள் உட்பட 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை போட்டது.

விசாரணையில் அடையாள அணிவகுப்பும் நடந்தது. சட்டப் புத்தகத்தில் அது ஒரு நடைமுறை. நேரில் அது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். வரிசையாக ஆண்கள் நிற்கிறார்கள். அவர்களில் யார் தன்னை என்ன செய்தார் என்று ஒரு பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நின்று கை நீட்ட வேண்டும். நீட்டிய கைக்கு எதிரே நிற்பவனுக்கு அவள் ஊர் தெரியும், வீடு தெரியும், காட்டுக்கு விறகு பொறுக்க அவள் எந்த வழியாகப் போவாள் என்பதும் தெரியும். நாளைக்கும் அந்தக் காட்டில் அதிகாரம் செய்யப்போவது அந்தத் துறைதான். தெரிந்தேதான் வாச்சாத்திப் பெண்கள் கை நீட்டினார்கள்.

பிறகு நீதிமன்றம். சாட்சிக் கூண்டில் ஏற்றி, நடந்ததை அங்குலம் அங்குலமாகச் சொல்லச் சொன்னார்கள். ஏன் உடனே சொல்லவில்லை, ஏன் இத்தனை நாள் கழித்துப் புகார், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு குடைந்தது. கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, வாய்தா வாய்தாவாக அலைந்தார்கள். 13 வயதில் அந்த ஏரிக்குக் கொண்டுபோகப்பட்ட சிறுமிக்குத் தீர்ப்பு வரும்போது வயது 32. இடையில் எத்தனை பேர் சமாதானம் பேச வந்திருப்பார்கள், எத்தனை விதமாக மிரட்டியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. பெண்கள் வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கவில்லை.

1992-இன் இரண்டு ஊர்கள்

வாச்சாத்திக்குப் பிறகு மூன்றே மாதம். 1992 செப்டம்பர் 22 அன்று ராஜஸ்தானின் பதேரி கிராமத்தில் பன்வாரி தேவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர் அவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குத் தண்டனை அது. அவரும் தலைகுனியவில்லை, புகார் கொடுத்தார். ஆனால் அவர் ஊர் அவர் பக்கம் நிற்கவில்லை. ஒதுக்கிவைத்தது. குயவர் குடும்பமான அவர்களிடம் பானை வாங்க ஆளில்லாமல் போனது. 1995-இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. உயர்சாதிக்காரர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்கிற ரீதியில் காரணம் சொல்லப்பட்டது. மேல்முறையீடு பல்லாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

பன்வாரி தேவிக்கு நடந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அது 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாயிற்று. இன்று சென்னையிலோ கோவையிலோ ஒரு பெண் தன் அலுவலகத்தில் உள்ளகப் புகார்க் குழுவின் கதவைத் தட்ட முடிகிறது என்றால் அது பன்வாரி தேவி போட்டுக்கொடுத்த பாதை. நாட்டில் உள்ள பெண்களுக்கெல்லாம் சட்டம் வாங்கிக்கொடுத்தவருக்குச் சொந்த வழக்கில் நீதி கிடைக்கவில்லை.

இரண்டு இடத்திலும் பெண்களின் துணிவு ஒன்றுதான். வித்தியாசம், சுற்றி இருந்தவர்களிடம். வாச்சாத்தியில் வழக்கு 18 பேரின் சொந்தப் பிரச்சினையாகச் சுருங்கவில்லை. ஊர் முழுக்கப் பறிகொடுத்திருந்தது, ஊர் முழுக்க அடிபட்டிருந்தது, ஊரே வழக்காடியது. ஒரு சங்கம் கூடவே நடந்தது. வழக்கறிஞர்கள் வந்தார்கள். அந்தப் பெண்கள் பட்ட அவமானத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த அவமானத்தை அவர்களே தனியாகச் சுமக்கும்படி விடப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்பதில் ஊருக்குக் குழப்பம் இல்லை.

நம் வீடுகளில் அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. "வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்" என்கிறோம். "தங்கச்சி கல்யாணம் இருக்கு, இப்ப எதுக்கு?" என்கிறோம். "புருஷன் பொண்டாட்டின்னா நாலு அடி விழத்தான் செய்யும், அனுசரிச்சுப் போம்மா" என்கிறோம். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெற்ற தாயே சொல்வது உண்டு. பயத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பயம் அடிப்பவனுக்குத்தான் உதவுகிறது.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசிய சராசரி 29. கல்வியில் முன்னே நிற்கிறோம், வேலைக்குப் போகும் பெண்களில் முன்னே நிற்கிறோம் என்று மார்தட்டும் மாநிலத்தின் நிலை இது. அதே ஆய்வு, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 விழுக்காட்டினர்தான் யாரிடமாவது உதவி கேட்டார்கள் என்கிறது. 77 விழுக்காட்டினர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. அம்மாவிடம்கூட இல்லை. குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று பெண்களில் 45 விழுக்காட்டினரும் ஆண்களில் 44 விழுக்காட்டினரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண்களைக் காவல்துறைக் கணக்கோடு ஒப்பிட்டால் இன்னொன்று புரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை எல்லா வகையும் சேர்த்து 9,207. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கும் மாநிலத்தில் இந்த எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதியடைய முடியுமா? ஏட்டில் ஏறாமல் போனவை எவ்வளவு என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது. பெண்கள் அச்சமில்லாமல் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதும் 1992-இல்தான். இன்று மாநிலம் முழுக்க அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. படியேறி வரும் பெண்ணிடம் முதல் பத்து நிமிடத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் அவற்றின் பயன் இருக்கிறது. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி, அதே வீட்டுக்கு அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் எங்கே வந்திருக்கிறது

1972-இல் மகாராஷ்டிரத்தின் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்கொடுமை செய்யப்பட்டாள். மதுரா வழக்கு என்று சட்ட உலகம் அறிந்த வழக்கு. உடம்பில் காயமில்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள், நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பலனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் தனக்குச் சம்மதமில்லை என்று சொன்னால், நீதிமன்றம் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்றானது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வந்த 2013 திருத்தம் இன்னும் இரண்டு கதவுகளைத் திறந்தது. பாலியல் வன்கொடுமை வழக்கில் அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவையில்லை. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இது 199-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

சட்டம் மாறுவதும் நடத்தை மாறுவதும் ஒன்றாக நடப்பதில்லை. தருமபுரித் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2011 நவம்பர் 22 இரவு திருக்கோவிலூர்ப் பக்கம் இருளர் பெண்கள் நான்கு பேர் காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. 215 சீருடைக்காரர்களும் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்ட செய்தியின் மை காய்வதற்குள். பழங்குடிப் பெண் கேட்க நாதியற்றவள் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

தண்டிக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேல்முறையீடு இன்னும் 12 ஆண்டுகளைத் தின்றது. 2023 மார்ச்சில் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். சம்பவ இடத்தைப் பார்த்தார், ஊர்க்காரர்களிடம் கேட்டார். தீர்ப்பை வழங்கியது 2023 செப்டம்பர் 29 அன்று. கீழமை நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே தேதி. மேல்முறையீடுகள் எல்லாம் தள்ளுபடி. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்துவிட்டவர்கள் என்றால் அவர்கள் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு தர வேண்டும் என்று உத்தரவு. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றுவதற்காக அப்பாவி ஜனங்கள் பலியாக்கப்பட்டார்கள் என்றும் நீதிபதி எழுதினார். 1992-இல் அந்த ஊர் சொன்னதும் இதைத்தான்.

தாமதமாகத்தான் நீதி வந்தது. 31 ஆண்டு என்பது ஒரு வாழ்க்கையின் நடுப்பகுதி மொத்தமும். பதின்மூன்று வயதுக்காரிக்கு அப்போது நாற்பத்து நான்கு. 18 பேரில் சிலர் இதைக் கேட்க உயிரோடு இல்லை. இதை வெற்றி என்று கொண்டாடும்போது அந்தக் கணக்கையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்களிடம் வந்து சொன்னால்

வாச்சாத்தி அளவுக்குப் பெரிய கொடுமை உங்கள் தெருவில் நடக்காமல் இருக்கலாம். ஆனால் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டிருக்கும். முகத்தில் வீக்கத்தோடு, "படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்ன பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலுவலகத்தில் திடீரென்று வேலையை விட்டு நின்ற பெண்ணின் பெயர் நினைவிருக்கும்.

அடிபடும் பெண்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அப்படிச் சொல்லவில்லை. வன்முறை நடக்கிறது, நடந்திருக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் வராது என்று நான்காவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அதே சட்டத்தின்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் மனைவியைக் குடியிருந்த வீட்டிலிருந்து துரத்த முடியாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. மனுக் கொடுத்தால் 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த 60 நாள் பல மாதமாக நீள்வதுதான் வழக்கம். பாதுகாப்பு அலுவலர் எண்ணிக்கையைக் கூட்டாமல், அவர்களுக்கு வண்டியும் உதவியாளரும் கொடுக்காமல் இது மாறாது. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

மகளிர் உதவி எண் 181 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தை என்றால் 1098. சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தங்கும் இடம், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ உடனடியாக இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும்.

இதெல்லாம் இரண்டாவது. முதலில், உங்கள் மகளோ மருமகளோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ கூட வேலை செய்யும் பெண்ணோ வந்து சொன்னால், "நீ என்ன பண்ண?" என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று குடையாதீர்கள். வாச்சாத்திப் பெண்களை எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி அது. அனுசரித்துப் போ என்று அனுப்பிவைக்காதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காயம் இருந்தால் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். போகிறேன் என்று சொன்னால் கூடப் போங்கள். காவல் நிலையத்துக்கும், நீதிமன்றத்துக்கும், அடுத்த வாய்தாவுக்கும்.